கடல் எங்கட, கறண்ட் ஆருக்கு?

மூண்டு நாலு மாதத்துக்கு ஒருக்கா பேஸ்புக்கில அந்த வீடியோ சுத்தும். சிவப்பு நிறத்தில் பாம்பு போல ஒரு இயந்திரம் அலையில் நெளியும். பின்னணியில் உருக்கமான இசை போகும். 'கடல் அலையிலிருந்து மின்சாரம்' என்று பெரிய எழுத்து வரும். கீழே எங்கட ஆக்கள் எழுதியிருப்பினம்: "நாலு பக்கமும் கடல் இருக்கு, நாங்கள் இன்னும் நிலக்கரிக் கப்பலைப் பாத்துக்கொண்டு இருக்கிறம். இந்த நாடு உருப்படாது."

அந்த இயந்திரத்தின் பெயர் பெலாமிஸ். 2004 இல் ஸ்கொட்லாந்தின் ஓர்க்னித் தீவுகளில் வைத்து, திறந்த கடல் அலையிலிருந்து மின்வலையமைப்புக்கு மின்சாரம் கொடுத்த முதல் இயந்திரம் என்று பெயர் எடுத்தது. 2008 இல் போர்த்துக்கல் கரையில் மூன்றை இறக்கினார்கள். சில மாதங்களிலேயே திரும்பக் கரைக்கு இழுத்துக்கொண்டு வந்தார்கள். 2014 இல் கொம்பனியே படுத்துவிட்டது. அதாவது, நாங்கள் புதுசு எண்டு பகிருகிற அந்தப் பாம்பு செத்துப் பத்து வருசத்துக்கு மேலாச்சு.

கடல் மின்சாரத்தை நக்கலடிக்க இதைச் சொல்லேல்லை. கடலில் இருந்து மின்சாரம் எடுக்கலாமா என்பது பொறியியல் கேள்வி. அதுக்குப் பாதிப் பதில் வந்திட்டுது. எந்தக் கடலில், ஆரைக் கேட்டு, ஆருக்காக என்பது அரசியல் கேள்வி. அதைக் கேட்ட மன்னார்ச் சனத்துக்கு நாங்கள் குடுத்த பட்டம் 'அபிவிருத்திக்கு எதிரானவை'. இந்தக் கட்டுரை அந்தப் பட்டத்துக்கு எதிரானது.

உண்மையில் எது முன்னேறியிருக்கு?

வற்றுப்பெருக்கிலிருந்து மின்சாரம் எடுப்பது புதுக் கதையே இல்லை. பிரான்சின் லா றான்ஸ் ஆற்று முகத்தில் 1966 இலேயே 240 மெகாவாற் நிலையம் திறந்தாச்சு. அதைக் கட்டுவதற்காக ஆற்று முகத்தைக் கடலிலிருந்து ஏறத்தாழ மூன்று வருசம் அடைத்து வைத்தார்கள். உள்ளே இருந்த கடலுயிர்கள் பெரும்பாலும் அழிந்தன, தேறி வரப் பத்து வருசம் எடுத்தது. தென்கொரியாவின் சிவா ஏரிக் கதை இதுக்குத் தலைகீழ். 1994 இல் கடலை மறித்து நன்னீர் ஏரி கட்டப் போய், தொழிற்சாலைக் கழிவு சேர்ந்து ஏரி நாறிப்போனது. 2011 இல் அதே அணையில் 254 மெகாவாற் வற்றுப்பெருக்கு நிலையம் வைத்து, கடல்நீர் வந்து போக வழி விட்ட பிறகுதான் தண்ணீர் தேறியது. இரண்டும் ஒரே தொழில்நுட்பம். ஒன்று ஆற்று முகத்தைக் கொன்றது, மற்றது ஏரியைக் காப்பாற்றியது. எங்கே, எப்படி வைக்கிறார்கள் என்பதுதான் வித்தியாசம்.

அணை கட்டாமல், ஓடுகிற நீரோட்டத்துக்குள்ளேயே சுழலியை இறக்குவது அடுத்த கட்டம். ஸ்கொட்லாந்தின் வடமுனைக்கும் ஓர்க்னிக்கும் இடையில் உள்ள பென்ற்லண்ட் நீரிணையில் கடலடியில் நாலு சுழலிகள் இருக்கு, மொத்தம் 6 மெகாவாற். அதில் ஒன்று, எதிர்பாராத திருத்த வேலை எதுவும் இல்லாமல் ஆறு வருசத்துக்கு மேல் ஓடியது என்று 2025 இல் அறிவித்தார்கள். இது சின்னச் செய்தி மாதிரித் தெரியும். உப்புத் தண்ணியில எஞ்சின் ஓட்டுகிற எந்தச் சம்மாட்டியையும் கேட்டுப் பாருங்கோ, ஆறு வருசம் எண்டால் என்னெண்டு அவர் சொல்லுவார்.

ஆனால் உண்மையான பாய்ச்சல் கடற்காற்றில்தான் நடந்தது. உலகின் முதல் கடல் காற்றாலைப் பண்ணை 1991 இல் டென்மார்க்கின் வின்டெபியில் வந்தது. பதினொரு காற்றாடி, எல்லாம் சேர்த்து 5 மெகாவாற். இன்றைக்குச் சந்தையில் உள்ள ஒரு கடற்காற்றாடி மட்டுமே 15 மெகாவாற். முப்பது சொச்ச வருசத்தில், ஒரு பண்ணையின் மூன்று மடங்கு ஒரு கம்பத்தில் ஏறிவிட்டது. 2017 இலிருந்து ஸ்கொட்லாந்தில் மிதக்கும் காற்றாடிகளும் ஓடுகின்றன.

எங்கட கடலுக்கு எது பொருந்தும்?

'நாலு பக்கமும் கடல்' என்பது வாதமே இல்லை. கடல் எல்லாம் ஒரே கடல் இல்லை.

இலங்கையைச் சுற்றி வற்றுக்கும் பெருக்குக்கும் இடையிலான உயர வித்தியாசம் ஒரு மீற்றருக்கும் குறைவு. லா றான்ஸில் அது சராசரியாக எட்டு மீற்றர். ஆகவே அணை கட்டுகிற கதையை விடுவம். நீரோட்டச் சுழலிக்கும் வேகம் வேணும். ஓட்டத்தின் வேகம் பாதியானால் கிடைக்கிற சக்தி எட்டில் ஒன்றாகிவிடும். அலை எண்டால், தென்சமுத்திரத்திலிருந்து வருகிற பெரிய அலை காலி, அம்பாந்தோட்டைப் பக்கம் அடிக்கும். யாழ்ப்பாணத்துக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையில் கிடக்கிற ஆழமில்லாத கடலுக்கு அது வந்து சேராது. பக்கத்துக் கேரளத்தில், விழிஞ்ஞத்தில், 1991 இல் 150 கிலோவாற் அலைமின் நிலையம் ஒன்றைக் கட்டிப் பார்த்தார்கள். ஆராய்ச்சிக்கு உதவியது, ஊருக்கு மின்சாரமாக வளரவில்லை.

கடலின் மேல் சூட்டுக்கும் அடிக் குளிருக்கும் உள்ள வித்தியாசத்தில் மின்சாரம் எடுக்கிற முறை ஒன்று இருக்கு. அதுக்கு ஏறத்தாழ 20 பாகை வித்தியாசமும், கரைக்குக் கிட்ட ஆயிரம் மீற்றர் ஆழமும் வேணும். திருகோணமலையில் கடலடிப் பள்ளத்தாக்கு கரையை ஒட்டியே ஆழமாக இறங்குவதால் காகிதத்தில் அது பொருந்தும். ஆனால் ஜப்பானின் குமேஜிமாத் தீவில் 2013 இலிருந்து ஓடுகிற நிலையமே 100 கிலோவாற்தான். உற்பத்தியாவதில் பெரும் பங்கைக் குளிர்நீரை மேலே இழுக்கிற பம்பியே தின்றுவிடும். இந்த முறையின் நல்ல பாடம் லட்சத்தீவின் கவரத்தியில் இருக்கு. 2005 இலிருந்து, அதே சூட்டு வித்தியாசத்தை வைத்து நாளுக்கு ஒரு லட்சம் லீற்றர் குடிநீர் எடுக்கிறார்கள். தீவுக்கு முதலில் தேவைப்பட்டது தண்ணீர், அதைக் குடுத்தார்கள்.

மிச்சம் இருப்பது காற்று. வாடை, சோளகம், கச்சான், கொண்டல் எண்டு காத்துக்கு நாலு பேர் வைச்சிருக்கிற சனம் நாங்கள். சோளகம் எழும்பினால் எந்தப் பக்கம் வலை போடக்கூடாது எண்டு பேசாலையிலும் குருநகரிலும் சின்னப் பெடியனுக்கும் தெரியும். அந்தச் சோளகம்தான் இப்ப எல்லாருக்கும் வேணும்.

மன்னாரில் என்ன நடந்தது?

மன்னார்த் தீவின் தென்கரையில் 2020 டிசம்பரில் 'தம்பபவனி' திறக்கப்பட்டது. முப்பது காற்றாடி, 103.5 மெகாவாற், இலங்கை மின்சார சபையின் சொந்த நிலையம். அதுக்குப் பிறகு அதானி நிறுவனம் மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாற் வைக்க வந்தது. திறந்த விலைமனு இல்லை. 2024 இல் ஒரு யூனிற்றுக்கு 8.26 அமெரிக்கச் சதம் என்று இருபது வருசத்துக்கு விலை பேசினார்கள். அதே மன்னாரில், போட்டி விலைமனுவில் வந்த இன்னொரு திட்டத்துக்கு விலை ஐந்து சதத்துக்கும் கீழே. நீதிமன்ற வழக்குகள், ஆட்சி மாற்றம், விலை மீள்பரிசீலனை எல்லாம் சேர்ந்து, 2025 பெப்ரவரியில் அதானி விலகியது.

கொழும்பில் இதை 'விலைப் பிரச்சினை' எண்டு எழுதினார்கள். மன்னாரில் அது நிலப் பிரச்சினை, தண்ணிப் பிரச்சினை, கடல் பிரச்சினை. தட்டையான மணல் தீவு அது. மழைத்தண்ணி ஓடிப்போக இருக்கிற தாழ்வான வழிகளைக் காற்றாடி அத்திவாரமும் அதுக்குப் போட்ட றோட்டும் மறிக்குது எண்டு ஊர்ச்சனம் சொல்லுது. பக்கத்தில் வங்காலைச் சரணாலயம், ஆயிரக்கணக்கான வலசைப் பறவைகள் வந்திறங்குகிற இடம். அதே தீவின் மணலுக்கு, இல்மனைற் எடுக்கிறதுக்கு இன்னொரு பக்கம் ஆக்கள் நிற்கினம்.

2025 ஓகஸ்டில், புதுக் காற்றாடிகளின் பாகங்கள் வந்தபோது சனம் தெருவில் இறங்கியது. அரசாங்கம் வேலையை ஒரு மாதம் நிறுத்தியது. செப்டெம்பர் கடைசியில் பொலிஸ் பாதுகாப்போடு இரவில் பாகங்களைக் கொண்டு போனார்கள், மறித்த சனத்துக்கு அடி விழுந்தது. பசுமை மின்சாரத்துக்குப் பொலிஸ் தடி ஏன் தேவைப்பட்டது என்பதுதான் எங்கட முதல் கேள்வி.

இப்ப அடுத்தது வருது. 2024 டிசம்பரில் டெல்லியில் இரு நாட்டுத் தலைவர்களும் வெளியிட்ட கூட்டறிக்கையில், பாக்கு நீரிணையின் கடற்காற்று வளத்தைச் சேர்ந்து அபிவிருத்தி செய்வது பற்றி ஒரு வரி இருக்கு. தாவரங்களையும் விலங்குகளையும் பாதுகாப்பதற்கு முன்னுரிமை என்றும் அந்த வரி சொல்லுது. நல்லது. வலை போடுகிற மனிசனுக்கு அந்த வரியில் இடமில்லை. அவன் அதே அறிக்கையின் வேறொரு பந்தியில் வாறான், 'பிரச்சினை' எண்ட தலைப்புக்குக் கீழே.

பாக்கு நீரிணைக் கடலின் ஆழம் பெரும்பாலும் 15 மீற்றருக்கும் குறைவு. அதாலதான் கம்பம் நட மலிவு. அதே காரணத்தால்தான் அங்கே இறால், நண்டு, கடலட்டை எல்லாம் இருக்கு. அதே காரணத்தால்தான் தமிழ்நாட்டு றோலரும் வருது. முதலீட்டாளருக்கு இலாபமான அந்த ஆழம், குருநகர்ச் சனத்துக்குச் சோறு.

'கம்பம் நட்டால் றோலர் வர ஏலாது, உங்களுக்கு நல்லதுதானே' எண்டு கேட்பினம். கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் றோலரை மறிக்கிற கம்பம் எங்கட வலையையும் மறிக்குமா இல்லையா என்பதைச் சட்டம்தான் தீர்மானிக்கும். பெல்ஜியத்தில் காற்றாலைப் பரப்புக்குள் மீன்பிடி வள்ளம் போக ஏலாது. பிரித்தானியாவில் பெரும்பாலும் போகலாம். இரண்டும் ஒரே வடகடல். அந்தச் சட்டத்தை எழுதுகிற மேசையில் ஆர் இருக்கினம் எண்டதுதான் விசயம்.

கொடி மாறும், லாம்பு மாறாது

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் சூரியசக்தியும் காற்றும் சேர்ந்த மின் நிலையம் ஒரு நல்ல திட்டம். டீசல் ஜெனரேற்றரை நம்பியிருக்கிற தீவுகளுக்கு அது உண்மையாகவே வேணும். 2021 ஜனவரியில் அமைச்சரவை அதை ஒரு சீனக் கொம்பனிக்குக் குடுத்தது. இந்தியா எதிர்த்தது. அந்த வருசம் டிசம்பரில் சீனத் தரப்பு வேலையை இடைநிறுத்தியது. 2022 இல் இந்தியாவோடு உடன்பாடு, 2024 மார்ச்சில் 11 மில்லியன் டொலர் இந்திய நன்கொடையில் ஒப்பந்தம். மூன்று வருசம் இரண்டு கொடிகளுக்கு இடையில் போனது. தீவுச் சனத்திடம் ஆரும் வந்து 'உங்களுக்கு எது வேணும்' எண்டு கேட்டதாக நாங்கள் அறியேல்லை.

எங்களுக்கு மின்சாரத்தின் அருமை தெரியாது எண்டு ஒருத்தரும் வகுப்பெடுக்க வேண்டாம். 1990 இல் கறண்ட் போன பிறகு, ஜாம் போத்தில் விளக்கில் படிச்சு, சைக்கிளைக் கவிழ்த்து டைனமோவைச் சுத்தி றேடியோ கேட்ட ஊர் இது. பிறகு கறண்ட் வந்தபோது சுன்னாகத்தில் கிணத்துத் தண்ணியில எண்ணெய் கலந்தது. 2019 இல் உயர்நீதிமன்றம் நட்டஈடு குடுக்கச் சொன்னது. இருட்டின் விலையும் தெரியும், வெளிச்சத்தின் விலையும் தெரியும். அதாலதான் கேள்வி கேட்கிறம்.

ஓர்க்னியிலிருந்து எதை எடுக்கலாம்?

பெலாமிஸ் செத்த அதே ஓர்க்னியில் பகிரவேண்டிய கதை வேற ஒன்று இருக்கு. ஏறத்தாழ 22,000 பேர் வாழ்கிற அந்தத் தீவுக்கூட்டம், தனக்கு வருசத்துக்குத் தேவையான அளவுக்கும் மேல் மின்சாரத்தைக் காற்றிலும் கடலிலும் இருந்து எடுக்குது. ஈடே, வெஸ்ற்றே, ஷாபின்சே மாதிரிச் சின்னத் தீவுகளில் காற்றாடி ஊருக்குச் சொந்தம். ஊர் அபிவிருத்தி நிதியம் அதை நடத்துது. வருகிற காசு ஊர் வேலைக்குப் போகுது.

அதைச் சொர்க்கம் எண்டும் நாங்கள் சொல்லேல்லை. பெரிய நிலத்துக்குப் போகிற கடலடிக் கேபிள் போதாமல், காற்று நல்லா அடிக்கிற நேரத்திலேயே அந்த ஊர்க் காற்றாடிகளை நிறுத்தவேண்டி வந்தது. மின்சாரம் மிஞ்சுகிற ஊரிலேயே குளிருக்கு வீட்டைச் சூடாக்கக் காசில்லாத குடும்பங்கள் ஸ்கொட்லாந்திலேயே கூடிய பங்கில் இருக்கு. இயந்திரம் ஊருக்குச் சொந்தமானாலும், கம்பியும் விலையும் வேற ஆரோ ஒருவரின் கையில் இருந்தால் பாதிதான் வெற்றி. இலங்கையில் 2025 சித்திரைப் புத்தாண்டு நேரம், கூரைச் சூரியப் படலங்களை நிறுத்திவைக்கச் சொல்லி மின்சார சபை கேட்டது ஞாபகம் இருக்கும். அதே வியாதிதான்.

ஆனால் செய்யலாம் என்பதுக்கு ஆதாரம் இருக்கு. கொப்பன்ஹேகன் துறைமுகத்துக்கு வெளியே மிடெல்குறுண்டன் கடல் காற்றாலையின் பாதி, 8,000க்கும் மேற்பட்ட சாதாரண சனம் பங்கு வாங்கின கூட்டுறவுக்குச் சொந்தமாகத் தொடங்கியது. பிரான்சில் கரையோரக் கடலில் காற்றாடி வைத்தால் வரி கட்டவேணும். அந்த வரியில் பாதி கரையோர உள்ளூராட்சிச் சபைகளுக்கு, 35 சதவீதம் மீனவர் குழுக்களுக்கு எண்டு சட்டமே எழுதியிருக்கு. இது தானம் இல்லை, கடலுக்கான வாடகை. பங்கு குடுத்தால் முதலீடு ஓடிப்போகும் எண்டு சொல்லுகிறவை, பிரான்சில் இருந்து ஓடின கொம்பனிகளின் பட்டியலைக் காட்டட்டும்.

எதிர்வாதங்களுக்கு

'காலநிலை மாறுது, நேரம் இல்லை, எல்லாரையும் கேட்டுக்கொண்டிருக்க ஏலாது.' காலநிலை மாறுவது உண்மை. கடல் மட்டம் உயர்ந்தால் முதலில் மூழ்குவது மன்னாரும் எங்கட தீவுகளும்தான். நுரைச்சோலையின் 900 மெகாவாற் நிலக்கரி நிலையம் என்றைக்காவது நிற்கவேணும் என்பதிலும் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அதானித் திட்டம் வருசக்கணக்கில் இழுபட்டுச் செத்ததுக்குச் சனத்தைக் கேட்டது காரணம் இல்லை. கேட்காமல், விலைமனு இல்லாமல், கதவுக்குப் பின்னால் முடிச்சதுதான் வழக்குக்கும் இழுபறிக்கும் வழி விட்டது. கேட்டுச் செய்தால்தான் கெதியா முடியும்.

'மின்சாரம் நாட்டுக்குத்தானே, மன்னாருக்கு மட்டுமா?' சரி. அப்ப கணக்கையும் நாட்டுக் கணக்காகப் போடுவம். தாளையடியில் 2024 இல் திறந்த கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் நாளுக்கு 24,000 கனமீற்றர் தண்ணி தரக்கூடியது. இப்படியான நிலையங்களுக்கு ஒரு கனமீற்றருக்குப் பொதுவாக மூன்று, நாலு யூனிற் மின்சாரம் வேணும். முழுசா ஓடினால் நாளுக்கு 72,000 தொடக்கம் 96,000 யூனிற். வடக்கின் காற்றில் ஒரு பங்கை வடக்கின் குடிநீருக்கு எழுதி வைக்கிறதில் நாட்டுக்கு என்ன நட்டம்?

எங்கட பக்கத்துக்கும் ஒரு வார்த்தை. காற்றாடி மேகத்தைக் கலைச்சு மழையைத் துரத்தும் எண்டு வட்ஸ்அப்பில் வாறதை எல்லாம் போராட்டத்துக்குள் கொண்டு வராதேங்கோ. அதுக்கு ஆதாரம் இல்லை. வெள்ள வாய்க்கால் அடைபடுறது, பறவை அடிபடுறது, வலைப்பாடு பறிபோறது எண்டு அளந்து காட்டக்கூடிய கேள்விகள் கைநிறைய இருக்கு. ஒரு பொய் போதும், மிச்ச உண்மை எல்லாத்தையும் தூக்கி எறிய அவைக்கு.

நாங்கள் கேட்கிறது

ஒண்டு: பாக்கு நீரிணையில் எந்த முதலீட்டாளருக்கும் கட்டம் கீறிக் குடுக்க முதல், மீனவர் சங்கங்களோடு இருந்து வலைப்பாட்டு வரைபடம் கீறவேணும். எந்த மாதம், எந்தக் காத்துக்கு, எந்த இடத்தில், என்ன வலை எண்டு அதில் வரவேணும்.

இரண்டு: சுற்றாடல் பாதிப்பு அறிக்கைக்குச் சனம் கருத்துச் சொல்லக் கிடைப்பது 30 நாள். நூற்றுக்கணக்கான பக்கத்தை, கடலுக்குப் போய் வந்த களைப்பில் ஆர் படிக்கிறது? விளங்குகிற தமிழில் சுருக்கமும், ஊரிலேயே வாய்மொழி விசாரணையும் கட்டாயமாக வேணும்.

மூண்டு: கரையோரச் சபைகளுக்கும் மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் வருமானத்தில் பங்கு, அது சட்டத்தில் எழுதின பங்கு. அமைச்சர் வந்து குடுக்கிற வலையும் சைக்கிளும் பங்கு ஆகாது.

நாலு: தம்பபவனி தொடங்கின நாளிலிருந்து எவ்வளவு பறவை அடிபட்டது, வெள்ளம் எங்கே தேங்கினது, மீன்பிடிக்கு என்ன ஆனது எண்ட தரவை வெளியிடவேணும். முதல் முப்பது காற்றாடியின் கணக்கைக் காட்டாமல் அடுத்ததைக் கேட்கக்கூடாது.

ஐந்து: தீவுகளுக்கு முதலில். பெரிய கேபிளில் மின்சாரம் கடல் கடந்து போக முதல், நெடுந்தீவில் டீசல் நிற்கவேணும்.

இதில் ஒண்டும் காற்றாடிக்கு எதிரானதில்லை. இதைக் கேட்கிறவை 'அபிவிருத்திக்கு எதிரி' எண்டால், டென்மார்க்கும் பிரான்சும் எதிரிகள்தான்.

பாக்கு நீரிணையில் இன்னும் ஒரு கம்பமும் நடப்படேல்லை. மன்னாரில் லொறி வந்த பிறகுதான் கேட்க முடிந்தது. இங்கே லொறி வர முதல் கேட்கலாம். வடக்கில் அடுத்த சுற்றாடல் அறிக்கை வெளியாகிற நாளில் இருந்து 30 நாளுக்குள், அதை நாங்கள் பிரிச்சு எடுத்துப் படிச்சு, சுருக்கித் தமிழில் இங்கே போடுவம். பொறியியல் படிக்கிறவை, சட்டம் படிக்கிறவை, வீட்டில் வள்ளம் இருக்கிறவை எல்லாரும் அந்த வேலைக்கு வேணும். அந்தச் சிவப்புப் பாம்பு வீடியோ திரும்ப வந்தால் அதுக்குக் கீழே எழுதவும் ஒரு கேள்வி இருக்கு: "இது ஆற்ற கடல், ஆரைக் கேட்டவை?"